மூன்றாம் பரிசு

முதல் பரிசு, உப்பில் ஊறிய முழுப் பன்றித்தொடை.
இரண்டாவது, இஸ்திரிப் பெட்டி.
மாதா கோயில் திருவிழாக் குலுக்கலில்
எனக்கு விழுந்தது மூன்றாவது:
அலைச்சறுக்கு, ஒரு பாடம், பலகை உட்பட.
இஸ்திரிப் பெட்டிக்கு மாற்றிக்கொள்கிறாயா என்று
ஸுல்மிராவைக் கேட்டேன்.
சிரித்ததில் அவளுக்கு விக்கல் வந்துவிட்டது.

ஐம்பத்தொரு வருஷமாகப் பெனிஷில் இருக்கிறேன்.
முழங்காலுக்கு மேல் கடலுக்கு என்னைத் தெரியாது.
எங்கள் வீட்டில் கடல் என்றால் வேலைக்குப் போகிற இடம்.
அப்பா போனார்.
அண்ணன் போனான், இன்னும் வரவில்லை.
அங்கே போய் யாராவது விளையாடுவார்களா?

சனிக்கிழமை காலை, பலேயால் கடற்கரை.
ரப்பர் உடுப்புக்குள் என்னைத் திணிக்க
அரை மணி நேரம் பிடித்தது.
மத்தி மீனை டப்பாவில் அடைப்பது என் தொழில்.
இருபத்தெட்டு வருஷத்தில்
ஒரு மீன்கூட இப்படி முரண்டு பிடித்ததில்லை.
ஜிப் முதுகுப் பக்கம் வரவேண்டும் என்பது
மாட்டி முடித்த பிறகுதான் தெரிந்தது.
கழற்றினேன்.
மறுபடியும் முதலிலிருந்து.

வாத்தியார் டெல்மோவுக்கு இருபத்து மூன்று வயது,
மூக்கு முழுக்க வெள்ளைக் களிம்பு.
எனக்கு எந்தக் கால் முன்கால் என்று பார்க்க
பின்னால் வந்து, சொல்லாமல், மெல்லத் தள்ளினான்.
வலது கால் முந்திக்கொண்டது.
இத்தனை வருஷம் கூடவே இருந்தும் சொல்லவில்லை அது.

மூன்று ஜெர்மானியப் பிள்ளைகள்,
லிஸ்பனிலிருந்து ஒரு பல் டாக்டர், நான்:
மணலில் விரலால் ஆளுக்கொரு பலகை வரைந்து
அதன்மேல் குப்புறப் படுத்து
மண்ணைத் துடுப்புப் போட்டோம்.
ஒரு நாய் வந்து நின்று
நிதானமாகப் பார்த்துவிட்டுப் போனது.

பிறகு தண்ணீர்.
கழுத்து வழியாக உள்ளே இறங்கிய குளிர்
எலும்பெலும்பாக நின்று நலம் விசாரித்தது.
முதல் அலை பலகையைப் பிடுங்கி
பல் டாக்டர் மேல் எறிந்தது.
அடுத்தது என்னை.
அதற்கடுத்ததில் தலைகீழாக இருந்தேன்,
துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஒற்றைக் காலுறை.
மேல் எது, கீழ் எது, யாரைக் கேட்பது?
கணுக்காலில் கட்டிய கயிறு வெடுக்கென்று இழுத்தது.
பலகை மிதக்கிற பக்கம்தானே மேல் என்று
அதைப் பிடித்துக்கொண்டு போனேன்.
இருந்தது காற்று.

எத்தனையாவது அலை என்று தெரியாது.
ரெமா, ரெமா என்று டெல்மோ கத்துகிறான்,
துடுப்புப் போடு, துடுப்புப் போடு.
போட்டேன்.
ஏதோ ஒன்று அடியில் வந்து என்னை ஏந்திக்கொண்டது.
கை ஓய்ந்த பிறகும் போய்க்கொண்டே இருக்கிறேன்.
எழுந்திரு என்றான்.
ஒரு முட்டி வந்தது. மற்றதும் வந்தது.
பாதம் வரவில்லை.
மண்டியிட்டபடியே கரை வரைக்கும் வந்து
மணலில் முட்டி நின்றேன்,
வாயைத் திறந்து பெரிய சத்தம் போட்டுக்கொண்டு.
என்ன சத்தம் அது என்று பிறகு கேட்டேன்.
மாடு மாதிரி இருந்தது மேடம் என்றான்,
மரியாதையாகத்தான்.

இரண்டு மணி ஷிஃப்ட்.
தலைக்கு வலை, கைக்கு உறை, எதிரில் ஸுல்மிரா.
நின்றாயா இல்லையா, அதைச் சொல்.
கூடையிலிருந்து மீன் அள்ளக் குனிந்தேன்.
சொல்லாமல் கொள்ளாமல்
மூக்கிலிருந்து கொட்டியது ஒரு கரண்டி கடல்,
என் பூட்ஸ் மேல்.

ஜலதோஷமா என்றார் மேற்பார்வையாளர்.
ஆமாம் என்றேன்.
ஸுல்மிராவுக்கு மறுபடியும் விக்கல்.

அடுத்த பாடம் முப்பது யூரோவாம்.
விசாரித்துவிட்டேன்.
இஸ்திரிப் பெட்டி அதைவிட விலை.